சொந்த வீட்டில் கன்னம் வைப்பதற்கான விதிமுறைகள்

பிரின்சி தன் வாழ்நாளில் எழுதிய ஒரே மிரட்டல் கடிதம் அவளுக்கே எழுதியதுதான். "தங்கள் பொறுப்பிலுள்ள கணினியை வரும் வியாழக்கிழமை நான் தாக்க உத்தேசித்துள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் சேர்த்தாள். மறுநாளுக்கு மறுநாள் அதே மேசையில் உட்கார்ந்தபடி தபால்காரரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கும் கையெழுத்துப் போட்டாள். தபால்காரர் அனுப்புநர் பெயரையும் பெறுநர் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வூட்ல எல்லாரும் நல்லாருக்காங்களாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலைக்கான தாய்சேய் நலத் திட்ட அலுவலகத்தில் அவள் ஒப்பந்த ஊழியர். மலையில் பிள்ளை உண்டாகியிருக்கும் ஒவ்வொரு பெண்ணின் விவரமும் அவள் பொறுப்பில் இருந்தது. எந்த ஊர், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீடு எவ்வளவு உள்ளே, ரத்தம் எந்த வகை, போன பிரசவத்தில் என்ன சிக்கல், அவசரத்துக்கு யாருக்குப் போன் போடுவது எல்லாம். நாள் நெருங்கியதும் கணினி தானாகவே ஜீப் ஓட்டுநர்களுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைக் காட்டினால்தான் ஓட்டுநருக்கு டீசல். விவரங்கள் எல்லாம் ஒரு பெரிய நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கணினியில், எங்கோ தொலைவில் இருந்தன. கிளவுட் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மாதம் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கிளவுடில் விவரம் வைத்திருக்கும் எல்லா அலுவலகங்களும் திருடனைப் போலத் தாங்களே அதை உடைத்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் அடைத்துவிட்டு, அறிக்கை அனுப்ப வேண்டும். பிரின்சிக்கு மகிழ்ச்சிதான். வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் நிபந்தனையும் எளிமையானது. உன்னுடையதை நீ தாராளமாகச் சோதித்துக்கொள், பக்கத்தில் இருப்பவனுடையதைத் தொடாதே, கூட்டத்தைக் கூட்டி வழியை அடைக்காதே. அவ்வளவுதான். அரை நாள் வேலை என்று அவள் நினைத்தாள்.

அலுவலகம் அதற்கு ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்தது.

குழுத் தலைவர் செல்லமுத்து. பணிக்காலம் முழுவதும் எழுதுபொருள் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அவர் காலத்தில் கிடங்கிலிருந்து ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை. யாருக்கும் எதையும் கொடுக்காததால் அது சாத்தியமாயிற்று. அந்தத் தகுதியில் அவரைத் தலைவராக்கினார்கள்.

"நம்மள நாமளே தாக்கறது தப்பில்லம்மா," என்றார் செல்லமுத்து முதல் கூட்டத்தில். "ஆனா சொல்லாம தாக்கக் கூடாது. சொல்லாம செய்றவன் திருடன். சொல்லிட்டுச் செய்றவன் அரசு ஊழியன்."

"சார், திருடன் சொல்லிட்டா வரப் போறான்? அவன் வர்ற மாதிரியே வந்து பாத்தாத்தானே ஓட்டை தெரியும்."

"அவன் விதிய மீறறான்னு நாமளும் மீறணுமா? நல்லாருக்கா இது?"

குழுவில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். நல்லாயில்லைதான்.

விதிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. தாக்குபவர் தாக்கப்படுபவருக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். தாக்குதல் அலுவலக நேரத்துக்குள், உணவு இடைவேளை தவிர்த்து நடைபெற வேண்டும். உறுதியான கதவுகளை மட்டுமே தட்டலாம். பலவீனமான இடங்களைத் தொட்டு, அதனால் உள்ளே போய்விட நேர்ந்தால், திட்டத்துக்கு ஏற்படும் அவப்பெயருக்குத் தாக்கியவரே பொறுப்பு. தொடங்கிய தாக்குதலைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் யாரும் நிறுத்தக் கூடாது.

கடைசியாக வந்த விதி சாவியைப் பற்றியது. வீட்டை உடைக்கப் போகிறவளிடமே வீட்டுச் சாவி இருப்பது முறையல்ல என்று செல்லமுத்து கண்டுபிடித்தார். சாவி என்பது பாஸ்வேர்டும், உள்ளே நுழையும்போது பொறுப்பாளரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும். பொறுப்பு திட்ட இயக்குநர் கலையரசனுக்கு மாற்றப்பட்டது. பாஸ்வேர்டை மிக ரகசியமாக வைத்திருப்பது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. எந்தப் பாஸ்வேர்டு என்பதில் பின்னால் குழப்பம் வரக் கூடாதென்று அதையும் தீர்மானத்திலேயே எழுதினார்கள். வெளிப்படைத்தன்மை கருதித் தீர்மானம் திட்டத்தின் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. தாக்குதலின் நாள், நேரம், விண்ணப்ப எண், சாவி வைத்திருக்கும் அதிகாரியின் கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன.

பிரின்சி கலையரசனின் அறைக்கு ஓடினாள்.

"சார், பாஸ்வேர்ட வெப்சைட்டுல போட்டுக்கினு இருக்காங்க."

"ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம்மா," என்றார் கலையரசன். நல்ல மனிதர், ஊழியர்களை அதட்டிப் பேசாதவர். "வெறும் பாஸ்வேர்ட வச்சிக்கினு எவன் இன்னா பண்ணிட முடியும்? ஓ.டி.பி. என் போனுக்குத்தான வரும். பெத்த புள்ள கேட்டாலும் அத நான் சொல்லமாட்டேன்."

தீர்மானத்தை நீக்கக் கோரி அவள் மனு கொடுத்தாள். அடுத்த மாதக் கூட்டத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை வந்தது. தாக்குதல் விழாவுக்காகச் சங்கராபுரம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். வாசலில் பேனர். மேடையில் குத்துவிளக்கு. சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்து கணினியில் ஒரு பொத்தானை அழுத்தித் தாக்குதலைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. பின்பக்கம் சமையல் நடந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து செவிலியர்களை வேனில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையோரத்தில் மடிக்கணினியோடு பிரின்சி. அவள் திரையில் தெரிவது பொதுமக்கள் பார்வைக்காகப் பெரிய வெள்ளைத் திரையிலும் தெரிந்தது. உள்ளே நுழைந்து எதையும் மாற்ற அவளால் முடியாது; வெளியே நின்று பார்க்க மட்டும் முடியும். ஊர்ப் பெயர்கள் அகர வரிசையில், ஒவ்வொன்றின் கீழும் பெண்களின் பெயர்கள்.

விருந்தினர் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது பிரின்சியின் கைபேசி அடித்தது. வெள்ளிமலையிலிருந்து ஓட்டுநர் பச்சமுத்து.

"பாப்பா, இன்னிக்கி மெசேஜே வரலியே. இன்னா ஆச்சு? ரெண்டு ஜீப்பும் சும்மா நின்னுக்கினு கீது."

"ஒண்ணுகூடவாண்ணா வரல?"

"ஒண்ணும் வரல. இந்நேரத்துக்கு நாலாவது வந்துருக்கும்."

அவள் திரையைப் பார்த்தாள். இன்னாடு என்ற ஊர் இருந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் குறியுமாக ஏதோ கிறுக்கல் இருந்தது. அதன் கீழே இருந்த பெயர்களும் அப்படியே. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரியாலூரின் முதல் பெயர் நடுங்கி, கலைந்து, கிறுக்கலாயிற்று. பிறகு அடுத்த பெயர்.

எவனோ உள்ளே இருந்தான். ஓட்டுநர்களுக்குப் போகும் செய்தியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பெண்ணாகப் பூட்டிக்கொண்டு வந்தான்.

வெள்ளைத் திரையில் அதைப் பார்த்துச் சபை கைதட்டியது.

"யாரும்மா உன்ன ஆரம்பிக்கச் சொன்னது?" செல்லமுத்து விளக்குத் திரியை விட்டுவிட்டு வேகமாக வந்தார். "சீஃப் கெஸ்ட் இன்னும் வரல."

"நான் ஆரம்பிக்கல சார். வெளியிலருந்து எவனோ உள்ள பூந்துட்டான்."

"வெளி ஆளா? அவனுக்கு அனுமதி இருக்கா?"

"இல்ல சார்."

"அனுமதி இல்லாம எப்படி வருவான்? இன்னிக்கி தேதிக்கு உனக்கு மட்டும்தான குடுத்துருக்கோம்."

"சார், உடனே நிறுத்தணும். இயக்குநர் சார்கிட்ட சொல்லி ஓ.டி.பி. வாங்கிக் குடுங்க. ஊர் ஊராப் போய்க்கினு இருக்குது பாருங்க."

செல்லமுத்து திரையைப் பார்த்தார். அவர் முகம் உண்மையிலேயே வெளுத்தது. அனுமதியில்லாத ஒருவன் உள்ளே வந்திருந்தால் அது திருட்டு. திருட்டு என்றால் விசாரணை. விசாரணை என்றால் குழுத் தலைவரைத்தான் முதலில் கேட்பார்கள். அவர் விதித் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். நிமிர்ந்தபோது அமைதி திரும்பியிருந்தது.

"அவனுக்கு அனுமதி குடுத்துட்டா?"

"யாருக்கு சார்?"

"அவனுக்குத்தான். நேத்து தேதி போட்டு. அப்ப இது திருட்டு இல்ல, சோதனை. விதிப்படி நடந்துக்கினு இருக்குது. பேரு பின்னர் அறிவிக்கப்படும்னு போட்டுக்கலாம்."

குழு உறுப்பினர்கள் மேடைக்குப் பின்னால் அவசரமாகக் கூடினார்கள். பந்தி ஆரம்பிப்பதற்குள் திருடனுக்கு அனுமதி வழங்கியாகிவிட்டது. வழங்கப்பட்ட பிறகு, தொடங்கிய தாக்குதலை நிறுத்தக் கூடாது என்ற விதி அவனுக்கும் பொருந்தியது.

கரியாலூர் போயிற்று. கிளாக்காட்டின் முதல் பெயர் நடுங்கியது.

பிரின்சியின் கண் தானாகக் கீழே, மணியார்பாளையத்துக்குப் போயிற்று. அங்கே சிவப்பில் ஒரு பெயர் இருந்தது. ஜெயசுதா. போன பிரசவத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. இந்த முறை வலி எடுக்கும் முன்பே கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். பக்கத்து வீட்டுப் போன்தான். அந்த எண்ணை உள்ளிட்டவள் பிரின்சியே. இப்போது எவ்வளவு யோசித்தும் அதில் ஓர் இலக்கம்கூட நினைவுக்கு வரவில்லை. பார்வையாளர் திரையில் பெயர்தான் தெரியும், எண் தெரியாது; செய்தி இல்லாமல் பச்சமுத்துவுக்கு டீசலும் கிடையாது.

அவள் மேடையேறினாள். கலையரசன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு செவிலியர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை," என்று அவர் சொல்ல, சபை எழுந்து நின்று திருப்பிச் சொன்னது. "எவர் கேட்பினும், எந்நிலையிலும், பகிரமாட்டேன்."

"சார், ஓ.டி.பி. வேணும்," என்று பிரின்சி அவர் காதருகே சொன்னாள். "இப்பவே. மலை விவரம் எல்லாம் போய்க்கினு இருக்குது."

கலையரசன் அவளைக் கனிவோடு பார்த்தார். பிறகு ஒலிவாங்கியிலேயே சொன்னார்.

"பாருங்க. நம்ம ஊழியர், நமக்கு நல்லாத் தெரிஞ்ச பொண்ணு, இப்ப வந்து எங்கிட்ட ஓ.டி.பி. கேக்கறாங்க. நான் குடுப்பனா?"

"மாட்டீங்க," என்றது சபை.

"குடுக்கமாட்டேன்."

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அவளும் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்து முன்வரிசைச் செவிலியர்கள் அவளுக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

அவள் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள். "சார், காலைல யாருக்காவது சொன்னீங்களா?"

"சேச்சே. யாருக்கும் சொல்லல."

"யாருமே கேக்கலியா?"

"கேட்டாங்க. அனுமதிச் சரிபார்ப்புப் பிரிவுன்னு சென்னைலருந்து. அது ஆபீஸ்மா. விண்ணப்ப எண் கரெக்டாச் சொன்னாரு, தேதி சொன்னாரு. அவங்களுக்குக் குடுக்காம இருக்க முடியுமா?"

பிரின்சி மடிக்கணினியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே போனாள். வெள்ளைத் திரை கறுத்தது. செல்லமுத்து பின்னாலிருந்து ஏதோ கத்தினார்.

பின்பக்கம் அடுப்புப் புகை. தைலம்மாள் என்ற சமையல்கார அம்மா சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க போன் கொஞ்சம் குடுங்க. என் நம்பர் அவுருக்குத் தெரியும்."

"எவுருக்கு?" என்று கேட்டபடியே தைலம்மாள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பிரின்சி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். சேராப்பட்டு பாதி போயிருந்தது. அடுத்தது மணியார்பாளையம். இணையதளத்தில் தீர்மானத்தைத் திறந்து பாஸ்வேர்டை எடுத்துப் போட்டாள். உள்ளே இருப்பவன் பூட்டை மாற்றியிருந்தால் எல்லாம் முடிந்தது. மாற்றவில்லை. இப்படி ஓர் அலுவலகத்தில் பூட்டை மாற்ற வேண்டிய அவசியம் அவனுக்குத் தோன்றியிருக்காது. ஓ.டி.பி. அனுப்பப்பட்டதாகத் திரை சொன்னது.

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். சின்னப் பொய்க்கே சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிடுகிறவள். ஆனால் வாராவாரம் சென்னையோடு நடக்கும் காணொலிக் கூட்டங்களில் அந்தக் குரல்களைக் கேட்டிருக்கிறாள். அவை வணக்கம் சொல்வதில்லை, பெயர் சொல்வதில்லை, ஃபைல் எண்ணில் தொடங்கும். எண்ணை அழுத்தினாள். மண்டபத்துக்குள் ஒலிபெருக்கியில் கலையரசனின் பேச்சு நின்றது.

"மலைத்தாய், இரண்டு, பாதுகாப்பு," என்றாள் பிரின்சி. தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "அனுமதிச் சரிபார்ப்பு. காலையில் கொடுத்தது காலாவதி. இப்போது ஒன்று வந்திருக்கும். வாசியுங்கள்."

"மேடம், வணக்கம் மேடம். ஒரு நிமிஷம் மேடம்."

அவர் ஒலிவாங்கியைக் கீழே வைக்க மறந்திருந்தார். பின்பக்கச் சுவரையும் தாண்டி, மண்டபத்துக் கூம்பு ஒலிபெருக்கி ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை அறிவித்தது. உறுதிமொழி எடுத்து முடித்திருந்த சபை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சிலர் குறித்துக்கொண்டதாகவும் பின்னால் சொன்னார்கள்.

எண்களைத் தட்டும்போது விரல் வழுக்கியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். கதவு திறந்தது. உள்ளே இருந்தவனைத் துரத்தினாள், பாஸ்வேர்டை மாற்றினாள், எல்லா வாசலையும் அடைத்தாள், நின்றிருந்த செய்திகளை மறுபடி ஓடவிட்டாள். மணியார்பாளையத்தில் மூன்று பெயர்கள் கிறுக்கலாகியிருந்தன. நான்காவது நடுங்கவில்லை. சிவப்பில், முழுதாக இருந்தது.

அடுத்த நிமிடம் அவளுடைய போனில் பச்சமுத்து கூப்பிட்டார். "வந்துச்சி பாப்பா, மணியார்பாளையம். பக்கத்து வூட்டு நம்பரும் போட்டுருக்குது. நான் கெளம்பறேன்."

பிரின்சி எழுந்து தைலம்மாளின் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜெயசுதாவுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. இன்னாட்டில் அப்படி அமையவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, ஜீப் வரும் வரும் என்று பார்த்திருந்துவிட்டு, கடைசியில் டோலி கட்டி மலையிறக்கினார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

குழுவின் அறிக்கை அடுத்த வாரமே தயாராகிவிட்டது. சோதனை முழு வெற்றி. அனுமதி பெற்ற வெளிநபர் ஒருவர் எல்லா விதிகளையும் கடைப்பிடித்து, உணவு இடைவேளைக்கு முன்பாகவே பணியை முடித்துக்கொண்டார். இன்னாடு வட்டாரத்தில் ஒரு நிகழ்வில் மாற்றுப் போக்குவரத்து பயன்படுத்தப்பட்டது. விதிமீறல் ஒன்றே ஒன்று: விழா நடக்கும்போது ஒப்பந்த ஊழியர் பிரின்சி முன்னனுமதியின்றி மண்டபத்தை விட்டு வெளியேறியது. விளக்கம் கேட்டு அவளுக்குக் குறிப்பாணை வந்தது.

மாற்றுப் போக்குவரத்து என்ற வரியை அவள் பலமுறை படித்தாள். பிறகு கலையரசனின் அறைக்குப் போய், அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு குழந்த செத்துருக்குது சார்."

"தெரியும்மா." அவர் உண்மையிலேயே தூங்காத முகத்தோடு இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "அன்னிக்கி ரெண்டாவதா வந்த போனு. அது சென்னைலருந்துதான்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். அப்படியே இருக்கட்டும், என்ன?"

அவள் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"குரல் எனக்குத் தெரியாமயாம்மா இருக்கும்? மேடையிலயே தெரிஞ்சிபோச்சி." தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆனா நீ வந்து கேட்டா நான் எப்படிக் குடுக்கறது? நாளைக்கி யாரச் சொல்லிக்கினு குடுத்தேன்னு எழுதறது? மேலருந்து ஒரு உத்தரவுன்னு வந்துட்டா நான் எதையும் தடுக்கமாட்டேம்மா. இத்தினி வருஷ சர்வீஸ்ல உத்தரவு இல்லாம ஒரு நல்லது கெட்டது செஞ்சதில்ல நானு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

பிரின்சி தன் மேசைக்குத் திரும்பினாள். இணையதளத்தில் தீர்மானம் அப்படியே இருந்தது. குழு அடுத்த மாதம்தான் கூடும். மலைக்கு இருந்தது இரண்டே ஜீப். இரண்டும் வெள்ளிமலையில்தான் நின்றன. அவளுக்கும் இயக்குநர் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். மேலே பாதி கண்ணாடி.

தன்னுடைய போனையே எடுத்தாள். தன் பெயர் அவர் திரையில் தெரியும் என்று தெரிந்தே எண்ணை அழுத்தினாள். கண்ணாடி வழியாக அவர் போனைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.

"மலைத்தாய், மூன்று, பொது," என்றாள் பிரின்சி.

கலையரசன் எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க மேடம்."

"இணையதளத்தில் இருக்கும் தீர்மானத்தை இன்றே நீக்க வேண்டும். விவரங்களுக்கு வேறோர் இடத்தில் மறுபிரதி வைக்க வேண்டும். சோதனை எப்போது, எப்படி என்பதை ஊழியரே முடிவு செய்வார்."

"உத்தரவு மேடம். எழுதிக்கினேன் மேடம்." அவர் நின்றபடியே எழுதினார். கையெழுத்தும் போட்டார். "வேற ஏதாச்சும் உண்டுங்களா மேடம்?"

அவள் மேசைமேல் வைத்த தாளில் மாற்றுப் போக்குவரத்து என்ற வரியைப் பார்த்தாள்.

"இன்னாட்டுக்கு ஒரு ஜீப்," என்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.